தூக்குமரமும் 39 ஷில்லிங்கும்

தண்டனையைக் கடுமையாக்கினால் குற்றம் குறையும் என்பது உலகின் மிகப் பழைய நம்பிக்கைகளுள் ஒன்று. கொடிய குற்றம் ஒன்றைச் செய்தித்தாளில் படிக்கும்போதெல்லாம் நாமும் அவ்வாறே எண்ணுகிறோம். 'ஒருவனைத் தூக்கில் போட்டால்தான் மற்றவனுக்குப் புத்தி வரும்' என்று திண்ணையில் அமர்ந்து தீர்ப்புக் கூறுவோர் எல்லா ஊர்களிலும் உண்டு. இந்நம்பிக்கை மெய்தானா என்று தத்துவ முறையில் வாதிடத் தொடங்கினால் அவ்வாதம் எளிதில் முடிவதில்லை. ஆனால் ஒரு நாடு இந்த நம்பிக்கையைச் சட்டமாகவே எழுதி வைத்து, ஏறத்தாழ 150 ஆண்டுகள் நடத்திப் பார்த்திருக்கிறது. அந்நாடு இங்கிலாந்து. அங்கு நடந்தவற்றை அறிந்துகொண்டால், அச்சத்துக்கும் குற்றத்துக்கும் உள்ள உறவு நாம் நினைக்கும் அளவுக்கு எளியதன்று என்பது புலனாகும்.

1688-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் ஏறத்தாழ 50 இருந்தன. 1820-ஆம் ஆண்டையொட்டி அவை 200-க்கும் மேற்பட்டுவிட்டன. கொலையும் அரச துரோகமும் மட்டுமே அப்பட்டியலில் இருந்தன என்று எண்ண வேண்டா. கடையில் 5 ஷில்லிங் பெறுமானமுள்ள பொருளை மறைவாக எடுத்தால் தூக்கு. இது 1699-இல் வந்த சட்டம். குடியிருக்கும் வீட்டில் 40 ஷில்லிங் பெறுமானமுள்ள பொருளைத் திருடினால் தூக்கு. இது 1713-இல் வந்தது. ஆடு திருடினால் தூக்கு. இது 1741-இல் வந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தை வேண்டுமென்றே சேதப்படுத்தினாலும், ஓய்வூதியம் பெறும் முதிய படைவீரனைப்போல் வேடமிட்டு ஏமாற்றினாலும் தூக்கே. அக்காலத்து நாணயத்தில் 12 பென்னி ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுன். ஆகவே 40 ஷில்லிங் என்பது இரண்டு பவுன். ஓர் உயிரின் விலையை அந்நாட்டுப் பாராளுமன்றம் அவ்வளவாக மதிப்பிட்டிருந்தது. பிற்கால வரலாற்றாசிரியர்கள் இச்சட்டங்களின் தொகுதிக்கு 'இரத்தச் சட்டம்' என்றே பெயர் சூட்டினர்.

இவற்றுள் மிகவும் பேர்பெற்றது 1723-ஆம் ஆண்டின் 'கறுப்புச் சட்டம்'. முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு பிரபுக்களின் வேட்டைக் காடுகளில் புகுந்து மான்களைக் கொன்ற கூட்டத்தினரை ஒடுக்குவதற்காக அவசரம் அவசரமாக இயற்றப்பட்டது அது. மானைக் கொல்லுவது, மீன் குளத்தின் கரையை உடைப்பது, தோட்டத்து மரங்களை வெட்டுவது, கால்நடைகளை ஊனப்படுத்துவது, வைக்கோற் போருக்குத் தீ வைப்பது என்று அந்த ஒரே சட்டம் ஏறத்தாழ 50 குற்றங்களை மரண தண்டனைக்கு உரியவையாக்கிற்று. சில ஆண்டுகளுக்கு மட்டும் என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டம், முழுதும் நீங்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

நாகரிகத்தில் முன்னேறியதாகப் பெருமை பேசிய ஒரு நாடு இத்தகைய சட்டங்களை ஏன் குவித்தது? காரணம் கொடுமை மட்டும் அன்று. ஒரு வகையில் சிக்கனமும் ஆகும். அக்காலத்து இங்கிலாந்தில் இன்று நாம் அறிந்த போலீஸ் இல்லை. இரவில் விளக்கும் தடியும் ஏந்தித் தெருவில் நடக்கும் காவற்காரர்கள் சிலர் இருந்தனர். அவருள் பலர் தள்ளாத வயதினர். போலீஸ் படை என்பது பிரெஞ்சு மன்னர்களின் ஒற்றர் படையைப் போன்றது, சுதந்திரத்துக்குப் பகையானது என்று ஆங்கிலேயர் அஞ்சினர். ஆகவே திருடரைப் பிடிக்க ஆளில்லை. பிடிக்க முடியாதவர்களைப் பயமுறுத்தியாவது வைப்போம் என்பதே நிலச்சுவான்தார்களும் வணிகர்களும் நிறைந்த பாராளுமன்றத்தின் எண்ணம். போலீஸ் வைப்பதற்குப் பணம் வேண்டும். சட்டம் எழுதுவதற்கு மையும் காகிதமும் போதும்.

அச்சத்தை ஊட்டுவதற்கான அரங்கம் டைபர்ன் என்னும் இடம். லண்டன் நியூகேட் சிறையிலிருந்து அங்குவரை சுமார் 3 மைல். ஆண்டில் எட்டுத் தடவை, கைதிகளை வண்டியில் ஏற்றி, அவர்களுடைய சவப்பெட்டிகளையும் உடன் வைத்து, ஊர் நடுவே ஊர்வலமாக அழைத்துச் செல்வர். வழியெங்கும் ஆயிரக்கணக்கான மக்கள் திரள்வர். பணம் படைத்தோர் உயர்ந்த மேடைகளில் இடம் பிடித்து அமர்வர். தின்பண்டம் விற்போரும், சாகப்போகிறவனின் 'இறுதி வாக்குமூலத்தை' அச்சிட்டு விற்போரும் கூட்டத்தில் புகுந்து வருவர். தண்டனையைக் கண்டு மக்கள் நடுங்கித் திருந்த வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம். நடந்ததோ வேறு. அது ஒரு திருவிழாவாகவே ஆகிவிட்டது. ஜேப்படித் திருடன் தூக்கில் தொங்குவதை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும் மக்களின் பைகளில் மற்ற ஜேப்படித் திருடர்கள் கைவைத்தனர். கூட்டம் கூடும் நாளன்றோ அவர்களுக்கு வருமானம்! துணிவுடன் சிரித்தபடி சாகின்றவன் வீரன் எனப்பட்டான். 1783-இல் ஊர்வலத்தை நிறுத்தி, தூக்குமரத்தை நியூகேட் வாயிலுக்கே மாற்றினர். பொது இடத்தில் தூக்கிலிடும் வழக்கம் 1868-இல்தான் ஒழிந்தது. அதற்கு முன்பு, மரண தண்டனை பெற்றவர்களோடு பேசிப் பார்த்த பிரிஸ்டல் நகரச் சிறைப் பாதிரியார் ஒருவர், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தாமே தூக்கைக் கண்ணாரக் கண்டவர்கள் என்று அறிவித்தார்.

ஆயினும் இரத்தச் சட்டத்தின் தோல்வியைத் தூக்குமரத்தின் அடியில் தேடுவதைவிட நீதிமன்றத்தினுள் தேடுவதே பயனுள்ளது.

வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா அல்லவா என்று முடிவு கூறும் ஜூரிகள் பன்னிருவர். அவர்கள் கடைக்காரரும் கைத்தொழிலாளரும் போன்ற நடுத்தர மக்கள். தம் முன்னே நிற்பவள் பசியால் ஒரு துணிக்கட்டைத் திருடிய பணிப்பெண். துணியின் விலை 3 பவுன் என்று சாட்சி சொல்லியாயிற்று. அவளே ஒப்புக்கொண்டும் விட்டாள். சட்டப்படி 40 ஷில்லிங்குக்கு மேற்பட்டால் தூக்கு. ஜூரிகள் ஒன்றுகூடிப் பேசி, 'இவள் திருடியது உண்மை. ஆனால் பொருளின் பெறுமானம் 39 ஷில்லிங்' என்று தீர்ப்புரைப்பர். ஒரு ஷில்லிங் குறைந்தது, உயிர் தப்பியது. இது எங்கோ ஒருமுறை நடந்த விந்தை அன்று. பழைய லண்டன் நீதிமன்ற ஏடுகளில் இந்த 39 ஷில்லிங் திரும்பத் திரும்ப வருகிறது. 10 பவுன் நோட்டின் மதிப்பே 39 ஷில்லிங் என்று ஜூரிகள் சத்தியப் பிரமாணத்தின்மீது கூறியதும் உண்டு! 1827-இல் சட்டத்தைச் சற்றுத் தளர்த்தி, வரம்பை 40 ஷில்லிங்கிலிருந்து 5 பவுனாக உயர்த்தினார்கள். அன்று முதல் திருட்டுப் பொருள்களின் விலை 4 பவுன் 19 ஷில்லிங்காக உயர்ந்தது. திருடர்கள் அதிகமாகத் திருடத் தொடங்கினார்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஜூரிகளின் கருணைக்கு இடம் கிடைத்தது, அவ்வளவே.

சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் இதனைத் தரும நோக்குடைய பொய்ச் சத்தியம் என்னும் பொருள்படக் குறிப்பிட்டார். இதை வெறும் வேடிக்கையாகக் கொள்ளலாகாது. கடவுளின் பெயரால் ஆணையிட்டு உண்மையைக் கூற வந்த குடிமக்கள், மனச்சான்றுக்கு அஞ்சியே பொய் கூற வேண்டியதாயிற்று. சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தால் மனிதத் தன்மை போகும். மனிதத் தன்மையைக் காத்தால் சட்டம் போகும். கடுந்தண்டனை குற்றவாளியின் நடத்தையை மாற்றியதோ இல்லையோ, நேர்மையாளரின் நடத்தையை நிச்சயமாக மாற்றிற்று.

ஜூரிகள் மட்டுமல்லர், பொருளைப் பறிகொடுத்தவரும் பின்வாங்கினர். அந்நாளில் வழக்குத் தொடுப்பது அரசாங்கத்தின் வேலை அன்று. திருட்டுக் கொடுத்தவரே சாட்சிகளைத் தேடி, கைப்பணத்தைச் செலவிட்டு வழக்கை நடத்த வேண்டும். வெள்ளிக் கரண்டிக்காகத் தம் வீட்டுச் சிறுவனைத் தூக்குக்கு அனுப்பினார் என்ற பழியை யார் விரும்புவர்? பலர் வேலைக்காரனை விலக்கிவிட்டுப் பேசாமல் இருந்தனர். இவற்றையெல்லாம் கடந்து மரண தண்டனை விதிக்கப்பட்டாலும் அரசரின் மன்னிப்பு உண்டு. தூக்குக்குப் பதில் தீவாந்தர தண்டனை கொடுத்து முதலில் அமெரிக்காவுக்கும், 1788-க்குப் பின் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பினர். 1770 முதல் 1830 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மரண தண்டனை விதிக்கப்பட்டவர்கள் சுமார் 35,000 பேர்; தூக்கிலிடப்பட்டவர்கள் சுமார் 7,000 பேர். 7,000 என்பது சிறு தொகை அன்று. அவர்களுள் பெரும்பாலோர் சொத்துக் குற்றங்களுக்காகவே மாண்டார்கள். ஆனால் திருடனின் கண்ணோடு இக்கணக்கைப் பாருங்கள். அகப்படுவது அரிது, அகப்பட்டால் வழக்கு வருவது ஐயம், வழக்கு வந்தால் 39 ஷில்லிங் உண்டு, அதுவும் தவறினால் ஐவரில் நால்வருக்குக் கயிறு இல்லை. இந்த அட்டவணையை அவன் பள்ளியில் கற்கவில்லை, தெருவில் கற்றிருந்தான்.

இந்த உண்மையை நூல் வடிவில் முதலில் தெளிவாக எடுத்துரைத்தவர் ஆங்கிலேயர் அல்லர், இத்தாலியர். மிலான் நகரத்துச் செசாரே பெக்காரியா 1764-இல், தம் 26-ஆம் வயதில், குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். தண்டனையின் ஆற்றல் அதன் கொடுமையில் இல்லை, அது தப்பாமல் வந்தே தீரும் என்னும் உறுதியிலும், காலந்தாழ்த்தாமல் வருவதிலும் இருக்கிறது என்பது அவர் கொள்கை. தப்பிக்கலாம் என்ற நம்பிக்கையோடு கலந்த பெரிய அச்சத்தைவிட, தப்பவே முடியாத சிறிய துன்பம் மனத்தில் ஆழப் பதியும் என்றார். அந்நூல் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பரவிற்று. 1786-இல் டஸ்கனி நாட்டு மன்னர் லியோபோல்டு மரண தண்டனையையே நீக்கினார். இங்கிலாந்தும் படித்தது, ஆனால் மெல்லத்தான் அசைந்தது.

அசைத்தவருள் முதன்மையானவர் சர் சாமுவேல் ராமிலி என்னும் வழக்கறிஞர். 1808-இல் அவர் பாராளுமன்றத்தில் போராடி, ஜேப்படித் திருட்டுக்கு மரண தண்டனை என்ற பழைய சட்டத்தை நீக்கச் செய்தார். அதன்பின் ஜேப்படி வழக்குகளின் எண்ணிக்கை உயர்ந்தது. எதிரிகள் உடனே, 'பார்த்தீர்களா! தூக்கை எடுத்தீர்கள், திருட்டு பெருகிவிட்டது' என்று ஆர்ப்பரித்தனர். ராமிலி அளித்த விடை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. வழக்குகள் பெருகியதற்குத் திருட்டு பெருகியது காரணம் என்று கொள்ள வேண்டியதில்லை. முன்பு உயிர்ப்பழிக்கு அஞ்சி வாளாவிருந்தவர்கள் இப்போது நீதிமன்றத்துக்கு வரத் துணிந்தார்கள், அதுவே காரணம் என்றார். ஒரே எண்ணிக்கைதான், அதைத் திருடர்களின் கணக்கு என்று படித்தால் ஒரு பொருள், திருட்டுக் கொடுத்தோரின் கணக்கு என்று படித்தால் மற்றொரு பொருள். குற்றப் புள்ளிவிவரம் எதைக் கண்டாலும், எண்ணப்பட்டது குற்றமா அல்லது முறையீடா என்று கேட்கும் பழக்கத்தை ராமிலியிடமிருந்தே கற்கலாம்.

1810-இல் கடைத் திருட்டுக்கான 5 ஷில்லிங் சட்டத்தை ஒழிக்க அவர் மசோதா கொண்டுவந்தார். தம் பக்கத்துக்கு ஒரு கணக்கையும் காட்டினார். 1802 முதல் 1808 வரை ஏழு ஆண்டுகளில், கடையிலும் வீட்டிலும் திருடியதாக நியூகேட் சிறைக்கு அனுப்பப்பட்டவர்கள் 1,872 பேர். அவர்களுள் தூக்கிலிடப்பட்டவர் ஒரே ஒருவர். எவரும் நிறைவேற்றாத தண்டனை எவரை அச்சுறுத்தும் என்பது அவர் கேள்வி. காமன்ஸ் சபை மசோதாவை ஏற்றது. பிரபுக்கள் சபை தள்ளியது. தலைமை நீதிபதி எல்லன்பரோ பிரபு, இச்சட்டம் போனால் எந்தக் கடைக்காரனின் பொருளுக்கும் பாதுகாப்பு இராது என்று எச்சரித்தார். கான்டர்பரி தலைமைப் பேராயரும் ஆறு பிஷப்புகளும் மசோதாவுக்கு எதிராகவே வாக்களித்தனர். ராமிலி மீண்டும் மீண்டும் அதே மசோதாவைக் கொண்டுவந்தார். பிரபுக்கள் மீண்டும் மீண்டும் தள்ளினர். 1818-இல் அவர் மறைந்தபோது அது நிறைவேறியிருக்கவில்லை. மறைந்த ஐந்து ஆண்டுகளில் நிறைவேறிற்று.

அருளாளர்களின் வேண்டுகோளால் மட்டும் சட்டம் மாறியது என்று கருதினால் கதையின் சுவையான பகுதியை விட்டவர்களாவோம். சொத்தைக் காப்பதற்காகவே எழுதப்பட்ட சட்டத்தைச் சொத்துடையவர்களே வந்து, 'எங்களுக்கு இது வேண்டாம்' என்று கேட்டனர். 1811-இல் துணி வெளுக்கும் களங்களின் உரிமையாளர்கள் முறையிட்டார்கள். திறந்த வெளியில் உலர்த்தும் துணிகளைத் திருடினால் தூக்கு என்று சட்டம் இருந்தது. அதனாலேயே ஜூரிகள் எவரையும் தண்டிப்பதில்லை. எங்கள் துணி நாள்தோறும் போகிறது, தண்டனையைக் குறைத்துத் தாருங்கள் என்றனர். இதைப் பாராளுமன்றம் ஏற்றது.

அடுத்து வந்தவர்கள் பாங்கிக்காரர்கள். 1797 முதல் இங்கிலாந்துப் பாங்கி ஒரு பவுன், இரண்டு பவுன் காகித நோட்டுகளை வெளியிட்டது. அவற்றைப் போலியாக அச்சிடுவது எளிதாயிருந்தது. கள்ள நோட்டுக் குற்றத்துக்காக அடுத்த 25 ஆண்டுகளுக்குள் 300-க்கும் மேற்பட்டவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். தெரிந்தோ தெரியாமலோ அந்நோட்டைக் கடையில் நீட்டிய ஏழைப் பெண்களும் அவர்களுள் அடக்கம். மக்கள் மனம் கொதித்தது. ஜார்ஜ் குரூக்ஷாங்க் என்னும் ஓவியர் 1819-இல், தூக்கில் தொங்கும் உருவங்களை வரிசையாக வரைந்து, நோட்டைப் போலவே ஒரு கேலிச் சித்திரம் வெளியிட்டார். அதை வாங்கக் கடைவாயிலில் கூட்டம் நெருக்கிற்று. ஜூரிகள் கள்ள நோட்டு வழக்குகளில் விடுதலை செய்யத் தொடங்கினார்கள். முடிவில் 1830-இல், 214 ஊர்களைச் சேர்ந்த பாங்கிக்காரர்கள் ஆயிரம் பேருக்கு மேல் கையொப்பமிட்டுப் பாராளுமன்றத்துக்கு ஒரு மனு அளித்தனர். மரண தண்டனை இருப்பதால் குற்றவாளி தண்டனை பெறாமல் போகிறான், எங்கள் சொத்துக்கு அதுவே ஆபத்து என்பது அதன் கருத்து. கருணையின் பெயரால் அன்று, கணக்குப் புத்தகத்தின் பெயரால் எழுந்த குரல் இது. 1832-இல் கள்ள நோட்டுக் குற்றங்களுள் பெரும்பாலானவற்றுக்கும், ஆடு, மாடு, குதிரைத் திருட்டுக்கும் மரண தண்டனை நீங்கிற்று. 1861-இல் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் நான்கே எஞ்சின.

இதனோடு நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதே 1830-களில் மெக்காலே கல்கத்தாவில் இந்திய தண்டனைச் சட்டத்தின் வரைவை எழுதினார். 1837-இல் அது முடிந்தது. கொள்ளைக்காரனையும் கொலைகாரனையும் ஒரே தண்டனையில் நிறுத்தினால் உயிருக்குப் பாதுகாப்புக் குறையும் என்று அவர் தம் குறிப்புகளில் விளக்கினார். கொள்ளைக்கும் கொலைக்கும் ஒரே தூக்கு என்றால், சாட்சியாக நிற்பவனைக் கொன்றுவிடுவதில் கொள்ளைக்காரனுக்கு ஆதாயம் உண்டேயன்றி நட்டம் இல்லை அல்லவா? அவ்வரைவிலிருந்து திருத்தி அமைத்த சட்டம் 1860-இல் இயற்றப்பட்டு, 1862 முதல் 2024 ஜூன் வரை நம்மை ஆண்டது.

தூக்கு விலகிய இடத்தில் வந்து அமர்ந்தது சிறை. சிறைச்சாலை என்பது பழைய காலத்தில் பெரும்பாலும் விசாரணைக்காகவும் கடனுக்காகவும் ஆட்களை அடைத்து வைக்கும் கொட்டடியே. 1773-இல் பெட்ஃபோர்டு மாவட்ட ஷெரிப் ஆன ஜான் ஹோவார்டு தம் ஆட்சிக்குட்பட்ட சிறையைப் பார்வையிட்டார். குற்றமற்றவர் என்று விடுதலை பெற்றவர்களும் மீண்டும் உள்ளே இழுத்துச் செல்லப்படுவதைக் கண்டு திகைத்தார். சிறைக் காவலனுக்குச் சம்பளம் இல்லை; கைதிகள் தரும் கட்டணமே அவன் பிழைப்பு. கட்டணம் செலுத்த இயலாதவர் வெளியேற இயலாது. ஹோவார்டு ஊர் ஊராகச் சிறைகளைப் பார்த்து 1777-இல் எழுதிய நூல் நாட்டை உலுக்கிற்று. சிறைக் காய்ச்சலோ கைதிகளோடு நின்றதில்லை. 1750-இல் அது லண்டன் நீதிமன்றத்துக்குள் பரவி, நகரத்து மேயரையும் இரண்டு நீதிபதிகளையும் கொண்டுபோயிற்று.

ஹோவார்டு விரும்பியது சுத்தமும் ஒழுங்கும் உழைப்பும் நிறைந்த சிறை. ஆனால் பின்வந்தோர் தூக்குமரத்திடம் எதிர்பார்த்த அச்சத்தைச் சிறைச்சுவரிடம் எதிர்பார்த்தனர். 1842-இல் லண்டனில் பென்டன்வில் சிறை திறக்கப்பட்டது. 520 அறைகள், அறைக்கு ஒருவர். கைதி மற்றொரு கைதியின் முகத்தைக் காணலாகாது; அறையை விட்டு வெளியே வந்தால் முகத்தை மூடும் குல்லாய். ஜெபக் கூடத்திலும் தனித்தனிப் பெட்டிகள். தனிமையில் மனச்சான்று விழித்துப் பேசும் என்று நம்பினார்கள். சிலருக்குச் சித்தப் பிரமையே பேசிற்று. முதலில் 18 மாதம் என்று விதித்த தனிமையைப் பின்னர் 12 மாதமாகவும் அதன்பின் 9 மாதமாகவும் குறைக்க வேண்டியதாயிற்று. வேறு சிறைகளில் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் அமைத்த மிதிசக்கரம் சுழன்றது. கைதிகள் மணிக்கணக்காக அதன் படிகளில் ஏறிக்கொண்டேயிருப்பர். ஏறியும் ஓர் அங்குலம் உயரார். பல இடங்களில் அச்சக்கரம் மாவும் அரைக்கவில்லை, நீரும் இறைக்கவில்லை, காற்றைத்தான் அரைத்தது. உழைப்பில் வெறுப்பை வளர்க்க இதனினும் சிறந்த சாதனத்தைக் கண்டுபிடிப்பது அரிது.

1862-இல் லண்டன் தெருக்களில் வழிப்போக்கரின் கழுத்தை நெரித்துக் கொள்ளையடிக்கும் குற்றங்கள் பெரும் பீதியைக் கிளப்பின. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரே தாக்குண்டார். உடனே கசையடி தரும் சட்டம் வந்தது. கசையடிதான் அக்கொள்ளையை ஒழித்தது என்று பல தலைமுறைகளாகப் பெருமையுடன் கூறி வந்தனர். தேதிகளை ஒப்பிட்டால் அக்கூற்று நிற்பதில்லை. சட்டம் நிறைவேறியது 1863 ஜூலையில். போலீசார் கொள்ளைக்காரர்களைப் பிடித்து, பழைய சட்டப்படியே தண்டனை வாங்கித் தந்து, பீதி அடங்கியது அதற்குப் பல மாதங்கள் முன்பே. ஆயினும் கடுமையின் மீது காதல் குறையவில்லை. கடின உழைப்பு, கடின உணவு, கடினப் படுக்கை என்பதே அடுத்த 30 ஆண்டுச் சிறைக் கொள்கை. 1895-இல் ஹெர்பர்ட் கிளாட்ஸ்டன் தலைமையில் ஆராய்ந்த குழு, விடுதலையானவர்கள் திரும்பத் திரும்பச் சிறைக்கே வருவதைச் சுட்டிக்காட்டி, உள்ளே போனதைவிடச் சிறந்த மனிதனாகக் கைதி வெளியே வர வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மிதிசக்கரத்தின் காலம் முடிந்தது.

இவ்வளவு தண்டனைகளும் குறைந்த அந்த நூற்றாண்டில் இங்கிலாந்தில் குற்றம் பெருகிற்றா? 1850-களிலிருந்து முதல் உலகப் போர் வரை, மக்கள்தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பதிவான திருட்டும் வன்முறையும் குறைந்தே வந்தன. எல்லன்பரோ பிரபு அஞ்சியது நடக்கவில்லை. ஆனால் இதன் புகழை யாருக்குச் சூட்டுவது என்பதில் எச்சரிக்கை வேண்டும். 1829-இல் சர் ராபர்ட் பீல் லண்டனில் போலீஸ் படையை நிறுவினார். பின்னர் அது நாடெங்கும் பரவிற்று. அதே காலத்தில் கூலியும் உயர்ந்தது, பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர், தெருவில் விளக்கெரிந்தது. பல காரணங்கள் பின்னிக் கிடக்கும்போது, அகப்படுவோம் என்ற எண்ணத்துக்கு எவ்வளவு வலிமை என்று தனித்துக் காண்பது அரிது. அதைத் தனித்துக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று, எவரும் விரும்பாத வகையில், மற்றொரு நாட்டில் நேர்ந்தது.

இரண்டாம் உலகப் போரில் டென்மார்க் ஜெர்மானியர் வசம் இருந்தது. 1944 செப்டம்பர் 19-ஆம் நாள், தமக்கு ஒத்துழைக்காத டேனிஷ் போலீஸ் படையை ஜெர்மானியர் ஒரே நாளில் சிறைப்பிடித்தனர். ஏறத்தாழ 2,000 பேரை ஜெர்மனியின் முகாம்களுக்கு அனுப்பினர். நீதிமன்றங்கள் இருந்தன; சிறைகள் இருந்தன; அகப்பட்டவர்களுக்குத் தண்டனை முன்னிலும் கடுமையாகவே கிடைத்தது. பிடிப்பவர் மட்டும் இல்லை. அவசரமாக அமைத்த, ஆயுதமற்ற காவற்படை ஒன்று கையும் களவுமாக அகப்படுவோரைத் தவிர வேறெவரையும் தேடிப் பிடிக்க வல்லதாயில்லை. கோபன்ஹேகன் நகரில் அதற்கு முந்திய ஆண்டில் மாதத்துக்கு ஏறத்தாழ 10 வழிப்பறிகள் நடந்துவந்தன. போலீஸ் மறைந்த பின் அவை மாதத்துக்கு 100-க்கும் மேற்பட்டன. திருட்டும் அவ்வாறே பன்மடங்காயிற்று. ஆனால் பணக் கையாடலும் மோசடியும் குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. கையாடல் வெளிப்பட்டால், செய்தவன் யார் என்று தேட வேண்டியதில்லை. கணக்குப் புத்தகத்தில் அவன் கையெழுத்து இருக்கிறது. ஆகவே கோபன்ஹேகன் நகரத்துக் காசாளர்கள், தெருவில் ஒரு போலீஸ்காரரும் இல்லாத அந்த மாதங்களில், வழக்கம்போலவே மாலையில் பெட்டியைப் பூட்டிக் கணக்கை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பினர்.